தலைமேல் விழுமா? விழும் செயற்கைக்கோள் செய்தியைப் படிக்கும் முறை

2011 செப்டம்பர் தொடக்கத்தில் நாசா ஓர் அறிவிப்பு விட்டது. யூஏஆர்எஸ் என்ற பழைய செயற்கைக்கோள் கொஞ்ச நாளில் பூமியில் விழும். எந்த நாட்டில், எந்தக் கடலில் என்று சொல்ல முடியாது. அதன் துண்டு உலகில் யாராவது ஒருவர்மேல் பட 3200-ல் 1 வாய்ப்பு.

செய்திக்காரர்களுக்கு இது போதும். "பேருந்து அளவு", "கட்டுப்பாட்டை இழந்த", "3200-ல் 1" என்ற மூன்றும் உலகம் முழுக்கத் தலைப்பில் ஏறின. படித்தவர்களுக்கு மூன்று கேள்வி எழுந்தது. எனக்கு ஆபத்து எவ்வளவு? நிலவுக்கே ஆள் அனுப்பியவர்களுக்கு ஒரு பழைய டப்பா விழும் இடம் ஏன் தெரியவில்லை? தெரிந்துகொண்டே மறைக்கிறார்களா? 2018-ல் சீனாவின் தியான்கோங்-1 விழுந்தபோதும், 2024-ல் ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-2 விழுந்தபோதும் இதே கேள்விகள்தான். இனி விழப்போவதற்கும் இதுதான் நடக்கும். ஆகவே யூஏஆர்எஸ் கதையையே பிடித்துக்கொண்டு போவோம்.

முதலில் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். 1991 செப்டம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏற்றிக்கொண்டு போய் விடப்பட்ட வளிமண்டல ஆய்வுக்கோள். நீளம் 10.7 மீட்டர், விட்டம் 4.5 மீட்டர், எடை ஏறக்குறைய 5.7 டன். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளோரின் எங்கிருந்து வருகிறது என்பதை அளந்த முக்கியமான கோள். 2005 டிசம்பரில் அதை அணைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எரிபொருளும் இல்லை, கட்டளை கேட்க ஆளும் இல்லை. "கட்டுப்பாட்டை இழந்தது" என்று எழுதினால் முந்தாநாள்வரை யாரோ ஓட்டிக்கொண்டிருந்து திடீரென்று ஸ்டியரிங் கையை விட்டுப் போனதுபோல் இருக்கிறது. அது ஆறு வருடமாக ஓட்டுநர் இல்லாத வண்டி.

3200-ல் 1 எங்கிருந்து வந்தது

இந்தக் கணக்கை வீட்டிலேயே போடலாம், கால்குலேட்டர் போதும்.

விழும்போது கோளின் பெரும்பகுதி எரிந்துபோகும். உருகாமல் தரைவரை வரக்கூடியவை 26 துண்டுகள், மொத்தம் 532 கிலோ என்று நாசா கணக்கிட்டிருந்தது. அதில் மிகப் பெரியது 150 கிலோவுக்குச் சற்று மேல். இப்போது ஒவ்வொரு துண்டையும் சுற்றி ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் கூட்டி, "இந்தப் பரப்புக்குள் ஆள் இருந்தால் அடிபடும்" என்று ஒரு பரப்பளவு எடுப்பார்கள். 26 துண்டுக்கும் சேர்த்து அது சுமார் 22.4 சதுர மீட்டர். அதாவது 16 அடிக்கு 15 அடியில் ஓர் அறை. பூமி முழுவதிலும் எங்கோ ஓர் இடத்தில், ஓர் அறையளவு ஆபத்து.

இனி ஆள் அடர்த்தி. 2011-ல் உலக மக்கள் 700 கோடி. பூமியின் பரப்பு, கடலும் சேர்த்து, 51 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரி 13.7 பேர். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 லட்சம் சதுர மீட்டர். ஆக 22.4-ஐ 13.7-ஆல் பெருக்கி 10 லட்சத்தால் வகுத்தால் 0.000307. இதைத் திருப்பிப் போட்டால் 3250 சொச்சத்தில் 1. நாசா சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கோள் எந்த அட்சரேகைகளுக்கு மேல் அதிக நேரம் இருக்கிறது, அங்கே மக்கள் எவ்வளவு நெருக்கம் என்றெல்லாம் சேர்த்து அவர்கள் துல்லியமாகப் போடுவார்கள். அடிப்படை இதுதான்.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். அந்த 1, உலகத்தில் யாரோ ஒருவர். நீங்கள் என்று அர்த்தமில்லை. உங்களுக்கான எண் வேண்டுமானால் 3200-ஐ 700 கோடியால் பெருக்க வேண்டும்: 22 லட்சம் கோடியில் 1. லாட்டரிச் சீட்டில் "இந்தக் குலுக்கலில் யாருக்காவது பரிசு விழும்" என்பதற்கும் "எனக்கு விழும்" என்பதற்கும் உள்ள தூரம்.

எடை பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று நினைப்பதும் தவறு. யூஏஆர்எஸ் விழுந்து ஒரு மாதத்தில் ஜெர்மனியின் ரோசாட் விழுந்தது. எடை 2.4 டன்தான், பாதிகூட இல்லை. ஆனால் ஆபத்து 2000-ல் 1 என்றார்கள். காரணம் அது ஒரு எக்ஸ்ரே தொலைநோக்கி. அதன் கண்ணாடிகள் கடும் வெப்பத்தைத் தாங்கும் பீங்கான் கலந்த கண்ணாடியால் ஆனவை. 2.4 டன்னில் 1.7 டன்வரை தரைக்கு வரலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். எத்தனை டன் விழுகிறது என்று கேட்காதீர்கள். எத்தனை கிலோ எரியாமல் வரும் என்று கேளுங்கள். நல்ல செய்தியில் அந்த எண் இருக்கும்.

நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

விழும் செயற்கைக்கோள் கல் விழுவதுபோல் நேராகக் கீழே விழுவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. 200, 300 கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது உரசி உரசி வேகத்தைத் தின்னும். கீழே வர வர காற்று அடர்த்தி கூடும், இறக்கமும் வேகமெடுக்கும். சுமார் 80 கிலோமீட்டர் உயரத்தில் உடல் உடையும். அந்தக் கட்டத்துக்கு வரும்போது அது பூமியை ஒரு முறை சுற்ற எடுத்துக்கொள்வது 88 நிமிடம் அளவில்.

இதில் இரண்டு விஷயம் கைக்கு அடங்காது. ஒன்று, அந்த மெல்லிய காற்றின் அடர்த்தி. சூரியன் கொந்தளித்தால் மேல் வளிமண்டலம் பாலைப்போல் பொங்கி மேலே வரும், இழுவை கூடும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் புதிதாக அனுப்பிய 49 கோள்களில் 38 இப்படி ஒரு காந்தப் புயலில்தான் விழுந்து போயின. இரண்டாவது, கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. தலைகீழாக உருண்டுகொண்டு போகும் பொருள் காற்றை எந்த முகத்தால் எதிர்கொள்கிறது என்பதைப் பொறுத்து இழுவை மாறும். யூஏஆர்எஸ் விழுவதற்கு முதல் நாள் இதுதான் நடந்தது: அதன் நிலை மாறிவிட்டதுபோல் தெரிகிறது, இறக்கம் மெதுவாகியிருக்கிறது என்று நாசா அறிவித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, விழும் நேரத்தில் கோள் வட அமெரிக்காவுக்கு மேல் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. "நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்கள்" என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. அந்த முதல் வாக்குறுதியைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

இத்துறையில் கைக்கணக்கு ஒன்று உண்டு: மிச்சமிருக்கும் நேரத்தில் 20 சதவீதம் முன்னே பின்னே போகலாம். ஐந்து நாள் இருந்தால் ஒரு நாள் தவறும். ஒரு நாள் இருந்தால் ஐந்து மணி நேரம். இரண்டு மணி நேரம் இருந்தால்கூட 25 நிமிடம். 25 நிமிடம்தானே என்று தோன்றும். நிமிடத்துக்கு 470 கிலோமீட்டர் ஓடுகிறது, 25 நிமிடத்தில் 11,700 கிலோமீட்டர். சென்னையில் ஆரம்பித்தால் லண்டனையும் தாண்டிப் போய்விடும்.

ஆகவே அறிவிப்பில் உள்ள நேரத்தைவிட அதன் பக்கத்தில் உள்ள "முன்னே பின்னே இத்தனை மணி" என்பதுதான் விஷயம். பல செய்திகளில் அதை வெட்டிவிடுகிறார்கள். அது இல்லாத நேரம் பயன்படாத நேரம்.

கையோடு ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். அறிவிப்பு இப்படி வருகிறது என்று வையுங்கள்: "நாளை யூடிசி 04:00, முன்னே பின்னே 5 மணி நேரம்". யூடிசி என்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரம், இலங்கைக்கும் அதேதான். காலை 9:30. முன்னே பின்னே ஐந்து என்றால் விடிகாலை 4:30 முதல் பிற்பகல் 2:30 வரை, மொத்தம் பத்து மணி நேரம். அதற்குள் கோள் ஏழு சுற்று போகும். பூமி கீழே சுழன்றுகொண்டிருப்பதால் ஒவ்வொரு சுற்றும் நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 2,450 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து விழும். ஒரு சுற்றில் கன்னியாகுமரிக்கு மேல் போனால் அடுத்த சுற்றில் சீஷெல்ஸ் பக்கம் போயிருக்கும். அந்த ஏழு கோட்டில் ஒன்று தமிழ்நாட்டுக்கு மேல் போகிறது, அதுவும் கன்னியாகுமரியிலிருந்து சென்னைவரை நெடுக்காகவே போகிறது என்று மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம். அந்த 630 கிலோமீட்டரைக் கடக்க 80 நொடி. பத்து மணி நேரம் என்பது 36,000 நொடி. ஆக இந்தக் கோடு தமிழ்நாட்டின் மேல் முடிய 450-ல் 1 வாய்ப்பு. அதுவும் மாநிலத்துக்குள் எங்காவது. அங்கிருந்து ஓர் ஆள்மேல் பட இன்னும் எத்தனையோ பங்கு குறைய வேண்டும்.

தொலைக்காட்சியில் காட்டும் உலக வரைபடத்தில் அலை அலையாக மஞ்சள், நீலக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். "நம் ஊர்மேல் கோடு போகிறது" என்று பதறுவது அதனால்தான். கோடு போவது கோள் அந்த வழியே கடந்துபோகும் என்பதற்கு. விழும் இடம் அந்தக் கோட்டில் ஏதோ ஒரு துண்டு. மாறாக, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோடே இல்லை என்றால் அது உறுதியான நல்ல செய்தி: துண்டுகள் பாதையை ஒட்டித்தான் நீளவாக்கில் விழும், பக்கவாட்டில் அதிகம் சிதறாது.

யூஏஆர்எஸ் கடைசியில் எங்கே போனது? செப்டம்பர் 24 அன்று விழுந்தாயிற்று என்று அறிவித்தபோதுகூட யூடிசி 03:23-க்கும் 05:09-க்கும் இடையில் என்றுதான் சொல்ல முடிந்தது. சில நாள் கழித்து, எல்லாத் தரவையும் சேர்த்துப் பார்த்து, 04:00 மணிக்கு பசிபிக்கில் அமெரிக்க சமோவா பக்கம் என்று முடிவு செய்தார்கள். துண்டுகள் அங்கிருந்து வடகிழக்கே 480 முதல் 1,300 கிலோமீட்டர்வரை பரவிக் கடலில் விழுந்திருக்கும். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் கனடாவின் அல்பெர்டாவில் ஒகோடோக்ஸ் என்ற ஊரில் துண்டு விழுந்துவிட்டதாக ட்விட்டரில் வதந்தி ஓடி முடிந்தது. பதில் வர நேரமாகும் இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேரத்தை நொடிக் கணக்கில் சொல்ல முடிந்த ஒரு சம்பவமும் உண்டு, அது இலங்கைக்குப் பக்கத்தில். 2015 நவம்பர் 13 அன்று, டபிள்யூடி1190எஃப் என்று பெயரிட்ட ஒன்றிரண்டு மீட்டர் அளவுள்ள பொருள் இலங்கையின் தென்கரைக்கு 100 கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் எரிந்தது. ஏதோ பழைய நிலவுப் பயணத்தின் மிச்சம் என்று கருதப்பட்டது. விழும் நாள், நேரம், இடம் எல்லாம் வாரக்கணக்கில் முன்பே தெரியும். விமானத்தில் ஏறிப்போய் விஞ்ஞானிகள் படம் பிடித்தார்கள். மீனவர்களுக்கு எச்சரிக்கை போனது. எப்படி முன்பே சொல்ல முடிந்தது? அது காற்றை உரசி உரசி இறங்கவில்லை. நிலவு தூரத்திலிருந்து நல்ல சாய்வில் பாய்ந்து, காற்றைத் தொட்ட முதல் தடவையே உள்ளே வந்துவிட்டது. காற்றின் அடர்த்தி தவறாக இருந்தாலும் கணக்கு கெடாது. தண்ணீர்மேல் தட்டையாக எறிந்த ஓட்டுச்சில்லு எத்தனாவது தத்தலில் மூழ்கும் என்று சொல்வது கஷ்டம். நேரே கிணற்றில் போட்ட கல்லுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. "அதைச் சொன்னவர்கள் இதை மறைக்கிறார்கள்" என்பவர்களுக்குப் பதில் இதுதான்.

1979: ஸ்கைலாப்

மக்கள் எப்படியெல்லாம் நடந்துகொள்வார்கள் என்று பார்க்க ஸ்கைலாபைவிட நல்ல பாடம் இல்லை. 1973-ல் ஏவிய 77 டன் அமெரிக்க விண்நிலையம். விண்ணோடத்தை அனுப்பி அதை மேலே தூக்கிவிடலாம் என்று திட்டம். ஆனால் சூரியன் எதிர்பார்த்ததைவிட அதிகம் கொந்தளித்து, வளிமண்டலம் பொங்கி, விண்ணோடம் தயாராகும் முன்பே ஸ்கைலாப் இறங்க ஆரம்பித்தது. யாராவது ஒருவர்மேல் பட 152-ல் 1 என்றார்கள். யூஏஆர்எஸ்ஸைவிட இருபது மடங்கு.

பயத்துக்கு நியாயமும் இருந்தது. 1978 ஜனவரி 24 அன்றுதான் அணு உலையோடு சோவியத் கோள் காஸ்மோஸ் 954 வடமேற்குக் கனடாவில் விழுந்து, கதிரியக்கத் துண்டுகளைப் பனியில் சிதறவிட்டிருந்தது. ஸ்கைலாபில் அணு உலை இல்லை. ஆனால் ஒன்றரை வருடத்துக்குள் இரண்டாவது முறை வானத்தைப் பார் என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது?

அமெரிக்காவில் அது கேலியாக மாறியது. குறிவட்டம் போட்ட பனியன்கள், ஹெல்மெட், ஸ்கைலாப் விருந்துகள். சான்பிரான்சிஸ்கோ எக்சாமினர் பத்திரிகை முதல் துண்டைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் என்றது. பிலிப்பைன்சில் அதிபர் மார்கோஸ் தொலைக்காட்சியில் வந்து ஆறுதல் சொன்னார். இந்தியாவில் மாநிலங்களின் போலீஸ் உஷார்ப்படுத்தப்பட்டது. உலகம் அழியப்போகிறது, இருக்கும்வரை சாப்பிடுவோம் என்று ஆடு கோழி அடித்த கதைகள் தெலங்கானா கிராமங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. நம் வீட்டிலும் அறுபதைத் தாண்டியவர்களிடம் "ஸ்கைலாப்" என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள், ஏதாவது ஒரு கதை வரும்.

ஒரே தகவல், ஓரிடத்தில் விருந்து, ஓரிடத்தில் ஒப்பாரி. எங்கே எண்ணும் விளக்கமும் சேர்ந்து போனதோ அங்கே கேலி செய்ய மனம் இருந்தது. எங்கே "விழுகிறது" என்ற ஒரு சொல் மட்டும் போய்ச் சேர்ந்ததோ அங்கே பயம். கிராமத்தார் விவரமில்லாதவர்கள் என்று சிரிப்பது எளிது. வானொலியில் அரைகுறையாகக் கேட்ட சேதிக்கு அவர்கள் செய்ததில் தர்க்கம் இருந்தது.

நாசா கடைசி நேரத்தில் ஸ்கைலாபின் நிலையை மாற்றி, இழுவையைக் கூட்டிக் குறைத்து, கடலில் தள்ளப் பார்த்தது. பெரும்பாலும் நடந்தது. ஆனால் நினைத்ததைவிடத் தாமதமாக உடைந்ததால், ஜூலை 11 அன்று ஒரு பங்கு துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் முதல் உள்நாட்டுப் புதர்க்காடுவரை விழுந்தன. யாருக்கும் காயமில்லை. எஸ்பெரன்ஸ் ஊராட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதாக அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது. 30 வருடம் கழித்து 2009-ல் ஓர் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் நேயர்களிடம் திரட்டி அதைக் கட்டினார். எக்சாமினர் பரிசை எஸ்பெரன்ஸைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் வாங்கினான். சில நாளில் பெர்த்தில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டி மேடையில் ஒரு பெரிய துண்டைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

எது எரியும், எது வரும்

சூரியத் தகடுகள் முதலில் பிய்ந்து போகும். அலுமினியம் சீக்கிரம் உருகும். டைட்டானியம், துருப்பிடிக்காத எஃகு, பெரிலியம், பீங்கான் போன்றவை தாங்கும். அதனால்தான் கண்டெடுக்கப்படுவதில் பல கால்பந்து போன்ற உருண்டைகளாக இருக்கின்றன: வாயுவோ எரிபொருளோ அடைத்த அழுத்தத் தொட்டிகள். தரையைத் தொடும்போது அவற்றுக்குச் சுற்றுப்பாதை வேகம் இருக்காது. காற்று தடுத்து, மணிக்குச் சில நூறு கிலோமீட்டரில், பெரும்பாலும் நெருப்பில்லாமல் வந்து விழும். சினிமாவில் வருவதுபோல் பெரும் பள்ளம் விழாது.

எரிந்துவிடும் என்ற கணக்கு தவறவும் செய்யும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 2021-ல் கழற்றிவிட்ட பழைய பேட்டரித் தட்டு முழுக்க எரிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 2024 மார்ச் 8 அன்று அதிலிருந்து 0.7 கிலோ எடையுள்ள ஓர் உலோக உருளை, கை நீளம்கூட இல்லை, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்து உள்ளே இறங்கியது. இன்கோனெல் என்ற கலப்புலோகம், வெப்பத்துக்கு அசையாதது. அதற்குப் பிறகு நாசா தன் கணக்கு முறையைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது.

இதுவரை விண்குப்பை விழுந்து யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஓர் ஆள்மேல் பட்டது என்று நம்பப்படும், நன்கு தெரிந்த நிகழ்வு 1997 ஜனவரியில் அமெரிக்காவின் டல்சாவில்: நடந்துபோன ஒரு பெண்ணின் தோளில் டெல்டா ராக்கெட்டின் லேசான வலைத்துண்டு ஒன்று தட்டிவிட்டுப் போனது. காயமில்லை.

வானத்தில் நெருப்புக் கோடு பார்த்தால்

2022 ஏப்ரல் 2, குடி பாட்வா நாள் மாலை. மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசத்தில் பல ஊர்களில் வானத்தின் குறுக்கே நெருப்புக் கோடுகள் போவதை ஜனங்கள் படம் பிடித்தார்கள். விண்கல் என்றார்கள், விமானம் என்றார்கள், ஏவுகணை என்றார்கள். சந்திரப்பூர் மாவட்டம் சிந்தேவாஹி பக்கத்தில் சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள உலோக வளையமும் உருண்டைகளும் கிடைத்தன. பெரும்பாலும் சீன லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் ஒரு பகுதி என்பது நிபுணர்கள் கணிப்பு.

விண்கல்லா, செயற்கைப் பொருளா என்று அந்த வீடியோவைப் பார்த்தே சொல்லலாம். விண்கல் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டரில் வரும். ஒன்றிரண்டு நொடியில் கதை முடிந்துவிடும். செயற்கைப் பொருள் கிட்டத்தட்டப் படுக்கையாக வருவதால் நிதானமாக, விமானம் போகிற தோரணையில், அரை நிமிடத்துக்கு மேலும் தெரியும். பல துண்டுகளாக உடைந்து எல்லாம் ஒரே திசையில் வரிசையாகப் போகும். "ஐயோ பாரு பாரு" என்று ஃபோனை எடுத்து, கேமராவைத் திறந்து, படம் பிடிக்க உங்களுக்கு நேரம் கிடைத்தது என்றாலே பெரும்பாலும் அது விண்கல் இல்லை. தலைக்கு மேலே போவதுபோல் தெரிந்தாலும் அது 80 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, துண்டுகள் இன்னும் சில நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் விழும். பக்கத்து வயலில் விழுந்ததுபோல் தோன்றுவது தூரத்தைக் கண் தவறாக எடைபோடுவது.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்புமுன் இரண்டு கேள்வி: இடம், நேரம் சொல்லியிருக்கிறதா? அந்த நேரம் அறிவிப்பில் உள்ள கால அளவுக்குள் வருகிறதா? பகலில் விழுந்த கோளுக்கு இரவு வீடியோ வந்தால் அது பழசு.

துண்டு கிடைத்தால்

தொடாதீர்கள். இது சம்பிரதாய எச்சரிக்கை இல்லை. தொட்டிகளில் ஹைட்ரசின் என்ற எரிபொருளின் எச்சம் இருக்கக்கூடும்; நச்சு, தோலையும் அரிக்கும். கார்பன் நார் கிழிந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாத சிராய்களைக் கையில் ஏற்றும். பெரிலியம் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, அளவு தெரிய ஏதாவது ஒரு பொருளை வைக்காமலே, பக்கத்தில் உள்ள மரத்தையோ கம்பத்தையோ சேர்த்துப் படம் எடுங்கள். எழுத்தோ எண்ணோ இருந்தால் ஜூம் செய்து எடுங்கள். அடையாளம் காண அதுதான் உதவும். குழந்தைகளை, மாட்டை விலக்கிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள்.

பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அது உங்களுடையது இல்லை. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி விண்ணிலிருந்து எங்கே விழுந்தாலும் பொருள் அதை ஏவியவருக்கே சொந்தம். அதன் மறுபக்கமும் உண்டு: 1972 பொறுப்பு ஒப்பந்தப்படி தரையில் சேதமானால் தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை, ஏவிய நாடு ஈடு கட்டியாக வேண்டும். கேட்பது தனிமனிதர் இல்லை, உங்கள் அரசு. காஸ்மோஸ் 954-க்கு கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981-ல் சோவியத் யூனியன் 30 லட்சம் கொடுத்தது.

இதில் இந்தியாவும் மறுபக்கத்தில் நின்றிருக்கிறது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூரியன் பே அருகே கடற்கரையில் ஆளுயரத்துக்கு மேலான உலோக உருளை ஒன்று ஒதுங்கியது. காணாமல் போன மலேசிய விமானத்தின் துண்டு என்று ஊகம் பறந்தது. அப்போதுதான் சந்திரயான்-3 கிளம்பியிருந்ததால் அதன் மிச்சம் என்று சிலர். போலீஸ் காவல் போட்டு, ஆபத்தில்லை என்று சோதித்த பிறகு, அது பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் கட்டமாக இருக்கும் என்று ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனம் ஜூலை 31 அன்று சொன்னது.

சொன்ன இடத்தில் விழவைக்க முடியாதா

முடியும், எரிபொருளை மிச்சம் வைத்திருந்தால். இஸ்ரோவின் மேகா-ட்ராபிக்ஸ்-1 யூஏஆர்எஸ் விழுந்த அடுத்த மாதம், 2011 அக்டோபரில், ஏவப்பட்டது. இப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. ஆனால் ஆயுள் முடிந்தபோது ஏறக்குறைய 125 கிலோ எரிபொருள் மிச்சமிருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து இருபது தடவை சிறிது சிறிதாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று கடைசி இரண்டு உந்துதலைக் கொடுத்து ஆளில்லாத பசிபிக் பரப்பில் இறக்கினார்கள். ஒரு தலைப்புச் செய்திகூடப் பதறவில்லை. யூஏஆர்எஸ் போன்றவை வடிவமைக்கப்பட்ட காலத்தில் இந்த வழக்கமே கிடையாது. இன்று ஆபத்து 10,000-ல் 1-க்கு மேல் போகக் கூடாது என்பது நாசா உள்ளிட்டவர்கள் வைத்திருக்கும் வரம்பு.

பழைய காலத்து மிச்சங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும். ரோசாட் 2011 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை காலை இந்திய நேரம் 7:20-க்கு விழுந்தது வங்கக் கடல்மேல். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, கடலோரத்தில் பலர் எண்ணெய்ச் சட்டி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். துண்டு எதுவும் கிடைத்ததாகச் செய்தி இல்லை. 2025 மே 10 அன்று காஸ்மோஸ் 482-ன் முறை: வெள்ளிக் கிரகத்துக்குப் போக 1972-ல் கிளம்பி, பூமியைத் தாண்டவே முடியாமல் 53 வருடம் சுற்றிய, அரை டன் எடையுள்ள இறங்குகலம். வெள்ளியின் சூட்டைத் தாங்கச் செய்தது என்பதால் உடையாமலே வரலாம் என்றார்கள். ஜெர்மனியின் ரேடார் யூடிசி 06:04-க்கு அதைப் பார்த்தது. அடுத்த சுற்றில் 07:32-க்கு வர வேண்டியது வரவில்லை. மத்திய அந்தமானுக்கு மேற்கே 560 கிலோமீட்டரில் காற்றுக்குள் நுழைந்து ஜகார்த்தாவுக்கு மேற்கே கடலில் விழுந்தது என்றது ரஷ்யாவின் ராஸ்காஸ்மாஸ். இந்திய நேரம் பகல் 11:54. வெயிலில் யார் கண்ணிலும் படவில்லை.